ஒன்பதாவது சன்னல்

வெதர்கம்ப் மாளிகையின் முகப்பில் பதினோரு சன்னல்கள். ஒன்பதாவது என் அறையுடையது. வெளியே நின்று பார்த்தால் கண்ணாடி பளபளக்கும். உள்ளே வெறும் சுவர்தான். கண்ணாடிக்குப் பின்னால் கருப்புப் பூச்சு, அதன் பின்னால் செங்கல். மறுபக்கம் அதற்கு ஜோடியாக உள்ள மூன்றாவது சன்னலுக்கும் இதே கதை. அதன் பின்னால் புகைபோக்கி ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து இருநூறு வருடமாக ஊரை ஏமாற்றுகின்றன.

இடுப்பு முறிந்து ஆறு வருடமாயிற்று. நான் கீழே இறங்குவதில்லை. நல்ல சன்னல் உள்ள அறைகளெல்லாம் கயிறு கட்டி, மாளிகையைச் சுற்றிப் பார்க்கச் சீட்டு வாங்கி வரும் கூட்டத்துக்கு. எனக்குப் பின்பக்கம் பொந்து மாதிரி ஒரு சின்னச் சன்னல். அதில் கூரையின் ஈயத் தகடுதான் தெரியும். ஏரி இந்தச் சுவருக்கு அப்பால் கிடக்கிறது. நினைத்தாலே வயிறு எரியும்.

"சுவர உடைச்சுத் திறந்துடலாமே லயனல்" என்று என் கணவரை நச்சரித்தேன்.

"நான் வேணாம்னா சொல்றேன் பிப்பா? பாரம்பரியக் கட்டடமாச்சே, சட்டம் விடாதே. ஒரு ஆணி அடிக்கக்கூட அனுமதி வேணும்."

என் தொல்லை தாங்காமல் போன மாதம் விண்ணப்பம் போட்டார். இன்று காலை கவுன்சிலிலிருந்து, பழைய கட்டடங்களைப் பார்வையிடும் மிஸ் என்ட்விசில் வந்தாள். சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைக் கொத்தினாள்.

"மேடம், இங்க பாருங்க! மரச்சட்டம், மடக்குக் கதவுக்கான பெட்டி எல்லாம் அப்படியே இருக்கு. இது நெஜமான சன்னல்தான். அந்தக் காலத்துல சன்னலை எண்ணி வரி போட்டாங்க, அதுக்குப் பயந்து அடைச்சிருக்காங்க. தாராளமா திறக்கலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. லயனல் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஒன்பதுல விளக்கு எரியும், மூணு இருட்டா கெடக்கும். முகப்பு ஒத்தக்கண்ணு மாதிரி ஆயிடாதா?" என்றார் அவளிடம்.

"நான் விளக்கே போடல. இருட்டுல உக்காந்துக்கறேன்" என்றேன்.

"அதுக்கில்லம்மா... பகல்லயும் தெரியுமே. திரை, நாற்காலி, உன் தலை..."

மிஸ் என்ட்விசில் உளியைக் கீழே வைத்தாள். "சார், விண்ணப்பம் போட்டது நீங்கதானே?"

"ஆமா. நீங்க முடியாதுன்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. காதுவரை சிவந்துபோய், அவளுக்கு டீ ஊற்றினார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற எந்தப் படிவம் என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

ஆறு வருடமும் நான் சட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.