நாலாவது ரீலில் ஒரு குடை

மூன்றாவது ரீல் தீர்ந்து சுவரில் வெறும் வெளிச்சம் விழுந்தபோதுதான் பல் டாக்டர் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அடுத்ததுல ரயில்வே பிளாட்பாரம் வரும் பாரு, டைலரு. கூட்டத்துல ஒருத்தி குடையோட போவா. தூண்கிட்ட திரும்பி ஒரு சிரிப்பு சிரிப்பா. அது என் சம்சாரம்."

தையல்காரரின் கை ரீலின் மேல் அப்படியே நின்றது.

"உங்க வீட்டம்மாவா?"

"ஷூட்டிங் வேடிக்கை பாக்கப் போனா. நடந்து காட்டும்மான்னாங்களாம், நடந்துட்டா. போய்ச் சேந்து ஒம்பது வருஷம் ஆச்சு. போட்டோல எல்லாம் வாயை இறுக்க மூடிட்டு நிப்பா. முன்பல்லு ஒண்ணு கோணல். நிமித்தி விடறேன்டீன்னு நான் கெஞ்சாத நாளில்ல. மாட்டேன்னுட்டா. அந்தப் பல்லு தெரியறது உலகத்துலயே இந்த ஒரு இடத்துலதான்."

டாக்டர் யார் கேட்டாலும் பல்லைக் கொடுப்பார், ஃபிலிமைக் கொடுக்கமாட்டார். ஏழு ரீல் முழுநீளப் படம் அது. ஞாயிறு மதியம் தையல்காரர் வீட்டில் சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு. இரண்டு வருஷம் நச்சரித்ததில் மனசு இரங்கி, வியாழக்கிழமையே பெட்டியை அனுப்பிவிட்டார். தையல்காரரின் படம் ஓட்டுகிற மெஷின் அதற்கு லாயக்கில்லாதது. அது ஓடும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா ஒருமுறை கோதுமையை எடுத்துக்கொண்டு வந்து, அரைத்துத் தரச் சொன்னாள். பெட்டி வந்த அன்றைக்கே ஒத்திகை பார்க்கிறேன் என்று அவர் நாலாவது ரீலை ஓட்டினார். பிளாட்பாரக் காட்சியில் ஃபிலிம் சிக்கி நின்றது. விளக்கு நிற்கவில்லை. சுவரில் ஒரு பழுப்புப் புள்ளி கொப்புளமாகி, ஓட்டையாகி, கூட்டத்தைத் தின்றது. காலருக்கு வெட்டுகிற கவனத்தோடு பன்னிரண்டு கட்டங்களை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் டேப் போட்டு ஒட்டினார். அரை நொடிதானே, யாருக்குத் தெரியப்போகிறது? குப்பை வண்டி வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து போய்விட்டது.

இப்போது அவர் ஐந்தாவது ரீலை எடுத்து மாட்டினார்.

"யோவ், அஞ்சாவதை மாட்டற! நாலை யாரு, உங்க மாமனாரா பாப்பாரு?"

"அஞ்சே போகட்டும் டாக்டர், கதை சீக்கிரம் முடியும்ல" என்றாள், டீ கொண்டு வந்த தையல்காரரின் மனைவி. அவளுக்கு எல்லாம் தெரியும். ஜன்னல்களைப் போர்வையால் மூடிய அறையில் அவள் முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"எனக்குக் கதை வேணாம்மா. நாலு போதும்."

வேறு வழியில்லை. நாலாவது ஓடியது. பிளாட்பாரம் வந்தது, மூட்டைகள், தொப்பிகள், ஒரு குடை. குடைக்காரி தூணை நெருங்கினாள். டேப் இருந்த இடம் 'டக்'கென்று கடந்தது. அவள் தூணுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"பின்னாடி ஓட்டு."

ஓட்டினார். அவள் முதுகாலேயே நடந்து வந்தாள். மறுபடி முன்னால். டக்.

"இவ்ளோ வேகமா நடக்கமாட்டாளே அவ" என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து சுவருக்குப் போனார். "இன்னொரு தரம்."

மூன்றாவது தடவைக்காகப் பின்னால் ஓட்டும்போது டேப்பின் ஓரம் லேசாகக் கிளம்பியிருப்பது தையல்காரருக்குத் தெரிந்தது. இன்னும் இரண்டு தடவை தாங்கினால் அதிகம். மெஷின்மேல் பழியைப் போடலாம், ஃபிலிம் கைக்கு வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதிக்கலாம். வாய் வேறொன்றைச் சொன்னது.

"டாக்டர்... நான்தான் வெட்டினேன். சிக்கிப் பொசுங்கிடுச்சு. பன்னெண்டு கட்டம்."

டாக்டர் திரும்பவில்லை. திட்டவும் இல்லை.

"வெட்டறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்திருப்பியே?"

"பாத்தேன்."

"கடைசியா பாத்தவன் நீதான். சொல்லு. பல்லு தெரிஞ்சுதா?"

தையல்காரர் பார்த்ததெல்லாம் ஓட்டையின் விளிம்பைத்தான். எத்தனை கட்டம் போகும் என்று எண்ணியதோடு சரி. மனைவி டீத் தட்டோடு அவரையே பார்த்தாள். மெஷின் மறுபடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒரு குடை ஏறி, தோள்பட்டையைத் தாண்டி, அவர் கழுத்தருகே வந்துகொண்டிருந்தது.