சட்டைப் பொத்தான் அளவு மச்சம்

அந்த டிசைன் ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயர் ரப்பர். வைத்தவர் முதலாளி. கல்யாண ஆல்பமோ, கடைத் திறப்பு நோட்டீஸோ, ஒரு முகம் அவள் திரைக்கு வந்துவிட்டால் பரு, தழும்பு, கருவளையம் ஒன்றும் மிஞ்சாது. "இவகிட்ட ஆளை விட்டா ஆளையே அழிச்சிடுவா" என்று வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். புதன்கிழமை காலை பதினொரு மணி வரை அது நகைச்சுவையாகத்தான் இருந்தது.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடியில் ஓர் அறை, மூன்று கணினி, பெருமூச்சு விட்டுக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர். கீழே தையல் கடை. முதலாளிக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. அதனால் தெருவில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் நேராகப் படியேறி வந்துவிடுவார்கள். ரத்ததான முகாம், தண்ணீர் வராத நாட்களின் பட்டியல், காணாமல் போன பூனை, எல்லாம் இலவசம். "ஓசியில செஞ்சா புண்ணியம்னா நமக்கு இந்நேரம் சொர்க்கத்துல மூணு மாடி எழும்பியிருக்கும்" என்று ரப்பர் முணுமுணுப்பாள். முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுவாள்.

திங்கள் காலை படியேறி வந்தது கீழ்க்கடைத் தையல் அக்கா. கையில் ஒரு குழுப்படம். அவள் வீட்டுக்காரர் விடிந்ததும் வெளியே போனவர் திரும்பவில்லை.

அவரைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஞாபகம் ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தது. மனைவி பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. மீட்டர் மட்டும் மறக்கவில்லை. கண்ணில் படுகிற வீட்டுக்குள் நுழைந்து, மீட்டர் எங்கே என்று கேட்பார். சர்க்கரை நோய் வேறு. வலது காலில் ஆறாத புண். தினமும் கட்டு மாற்ற வேண்டும்.

"ஒரு நாள் தாங்கும். ரெண்டு நாள் தாங்குமான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறார்" என்றாள் தையல் அக்கா. அழவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரப்பர் அவசர அவசரமாகக் குழுப்படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டினாள். பெரிதாக்கினாள். இருட்டைக் கொஞ்சம் தூக்கினாள். ஒரு மணி நேரத்தில் இருநூற்று நாற்பது போஸ்டர். தையல் அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்து, "இவர்தான்" என்றாள். மருந்துக் கடைக்காரர், முடிதிருத்துபவர், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் என்று ஆளுக்கொரு கட்டு வாங்கிக்கொண்டு திசைக்கொருவராகப் போனார்கள். இருட்டுவதற்குள் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் அந்த முகம் இல்லாத சுவர் இல்லை.

செவ்வாய் முழுக்க ஒரு தகவலும் வரவில்லை.

புதன் காலை போன் அடித்தது. போஸ்டரில் இருந்தது ஸ்டுடியோ எண். தையல் மெஷின் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்காமல் போய்விடும் என்று முதலாளிதான் அப்படிப் போடச் சொன்னார். மணி அடித்ததுமே கீழே மெஷின் நின்றது. இரண்டு நாளாக அப்படித்தான். மேலே போன் அடித்தால் கீழே மெஷின் நிற்கும். பேச்சு முடிந்து யாரும் இறங்கி வரவில்லை என்றால் மறுபடி ஓடும்.

"நான் வாட்டர் டேங்க் ரோட்டு அடுக்குமாடி வாட்ச்மேன் பேசறேம்மா" என்றது குரல். "உங்க ஆளைப் பத்தி இல்ல. உங்க ஆளு மாதிரியே ஒரு டுபாக்கூர் சுத்தறான், சொல்லி வைக்கலாம்னு."

"டுபாக்கூரா?"

"நேத்து காலைல வந்தான். மீட்டர் பார்க்கணுமாம். கையில நோட்டு கிடையாது, காதுல ஒரு பென்சில். கேட்டுலயே உங்க போஸ்டர் இருக்கு. ஆளைப் பக்கத்துல நிறுத்தி ஒத்துப் பார்த்தேன். மூக்கு அதே. காது அதே. ஆனா இவனுக்குக் கன்னத்துல சட்டைப் பொத்தான் சைஸுக்கு ஒரு மச்சம். உங்க ஆளுக்குத்தான் இல்லியே! போஸ்டரைப் பார்த்துட்டு வேஷம் போட்டு வந்திருக்கான் களவாணிப்பயன்னு கையை ஓங்கினேன். நொண்டிக்கிட்டே போயிட்டான்."

"எந்தப் பக்கம் போனார்?"

"யாரு?"

"அந்த... மச்சம் இருக்கறவர்."

"புதுசா வீடு கட்டற பக்கம். ஏம்மா, போலீஸ்ல சொல்லணுமா?"

அவள் போனை வைத்தாள். கோப்பைத் திறந்தாள். ஒரு பக்கம் போஸ்டர், ஒரு பக்கம் குழுப்படம். குழுப்படத்தில் இடது கன்னத்தில் மச்சம் குத்துக்கல்லாக இருந்தது. போஸ்டரில் அந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது. பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டிவிடும் கருவி. ஒரே ஒரு கிளிக். செய்த நினைவே அவளுக்கு இல்லை. எட்டு வருடம் பழகிய கை. அது மூளையைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை.

கீழே மெஷின் இன்னும் ஓடவில்லை.

அவள் மச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, ஒரு தாள் மட்டும் அச்சுக்குக் கொடுத்தாள். பிரிண்டர் பெருமூச்சு விட்டது. தாளை எடுத்தது முதலாளி.

"என்ன, மறுபடி அடிக்கறே?" என்றவர் அப்படியே நின்றார். சுவரில் இருந்த பழைய போஸ்டரைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார். அவள் வாட்ச்மேன் சொன்னதைச் சொன்னாள். அவர் போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"இப்ப சொல்லாத" என்றார் தாழ்ந்த குரலில். "முதல்ல ஆள் கிடைக்கட்டும். கலர் சரியில்ல, மாத்தி ஒட்டறோம்னு சொல்லிக்கலாம்."

"இருநூத்து நாப்பது அண்ணா. எந்தெந்தச் சுவர்னு ஒட்டினவங்களுக்குத்தான் தெரியும். நாம ரெண்டு பேரா மாத்தணும்னா நாளைக்குக் காலை ஆயிடும்."

"தெரிஞ்சா இந்தப் படியில இனி ஒருத்தன் ஏறுவானா? நல்லது செய்யப் போய் நடுத்தெருவுல நிக்கணுமா?"

"அவர் ஏற்கெனவே நடுத்தெருவுலதான் நிக்கறார்."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவளும் யோக்கியம் இல்லை. வண்ணம் மாற்றும் பொய்யை அவர் வாயில் கேட்பதற்கு முன்பே அவள் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். பொருந்தத்தான் செய்தது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் கீழே மெஷின் ஓடாமல் இருந்தது.

பதினாறு படி. எட்டு வருடத்தில் அன்றுதான் எண்ணினாள்.

தையல் அக்கா ஊசிக்கடியில் பாதி தைத்த துணியோடு நிமிர்ந்து பார்த்தாள். ரப்பர் சுற்றி வளைக்கவில்லை. போன் வந்தது, நேற்றுக் காலை பார்த்திருக்கிறார்கள், மச்சம் இருந்ததால் கையை ஓங்கி விரட்டிவிட்டார்கள், போஸ்டரில் மச்சத்தை அழித்தது நான்.

தையல் அக்கா எழுந்து தன் கடைக் கதவில் ஒட்டியிருந்த போஸ்டர் முன்னால் போய் நின்றாள். வெகு நேரம் பார்த்தாள். "நான்தானே பார்த்து இவர்தான்னு சொன்னேன்" என்றாள். "எனக்கு இருந்துச்சே. இங்க இருந்துச்சே." தாளில் கன்னத்தைத் தொட்டாள். முப்பது வருடம் பார்த்த முகம். தாளில் இல்லாததைக் கண்ணே போட்டுக்கொண்டிருக்கிறது.

"நேத்து காலைலயா?"

"ஆமாக்கா."

"அப்ப நேத்து காலைலயே கிடைச்சிருக்கணும்."

ரப்பர் உதட்டைக் கடித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அழறதை அப்புறம் வெச்சுக்க" என்றாள் தையல் அக்கா. "எழுதற பேனா இருக்கா மேல? கறுப்பு. தடியா. எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

பேனாக்கள் முதலாளி கையில் வந்தன. அவரே இறங்கி வந்து, மருந்துக் கடை வாசலிலும் முடிதிருத்தும் கடை வாசலிலும் நின்று, "தப்பு எங்களோடது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். டிரில் மாஸ்டர் மட்டும் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "ஒரு மனுஷன் மூஞ்சி எப்படி இருக்கோ அப்படிப் போட உங்களுக்கு என்ன கேடு?" கேட்டுவிட்டு அவரும் ஒரு பேனாவை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

வாட்டர் டேங்க் ரோட்டை ரப்பரும் தையல் அக்காவும் எடுத்துக்கொண்டார்கள். வெயில் ஆணி அடித்தது. ஒவ்வொரு போஸ்டரிலும் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி, ஒரு வட்டம். முதல் பத்தில் அவள் புள்ளி மாதிரிதான் வைத்தாள். "சின்னதா வைக்காத" என்று பின்னாலிருந்து அக்கா அதட்டினாள். "இருக்கறது பொத்தான். நீ கடுகு வைக்கறே."

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர் அவள் கையைத் தட்டிவிட்டார். "காணாமப் போன மனுஷன் மூஞ்சில கிறுக்கறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" ரப்பர் திரும்பாமல் வட்டத்தை நிரப்பி முடித்தாள். அக்காவும் வாயைத் திறந்து காப்பாற்றவில்லை.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்துகொண்டு கை காட்டிய பக்கம் போனார்கள். பாதி எழும்பிய வீடுகள், மணல் குவியல்கள், பெயர் வைக்காத சந்துகள். ஒவ்வொன்றாக நுழைந்து கத்திப் பார்த்தார்கள். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. நாற்பத்தெட்டாவது போஸ்டர் ஒரு மின்கம்பத்தில் இருந்தது. ரப்பர் வட்டம் போடும்போது, தலையில் செங்கலோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றாள்.

"அதை வெச்சதும்தான் தெரியுது. இது நம்ம மீட்டர் தாத்தா இல்ல?"

தையல் அக்கா அவள் தோளைப் பிடித்த வேகத்தில் செங்கல் இரண்டு கீழே விழுந்தது.

"நேத்து மத்தியானத்துலேருந்து கடைசிக் கட்டடத்துல உக்காந்திருக்காரு" என்றாள் அந்தப் பெண். "தண்ணி குடுத்தேன். போகச் சொன்னா, ஓனர் சாவி கொண்டு வரணும், மீட்டர் பெட்டி பூட்டியிருக்குன்னாரு. இந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் தினம் போறேன். வேற ஆளுன்னுல்ல நெனச்சேன்."

கதவு வைக்காத அறையில், சிமென்ட் மூட்டை மேல், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். காதில் பென்சில். வலது கால் கட்டு கறுத்திருந்தது. அறைக்குள் நுழைந்ததுமே வாடை சொல்லிவிட்டது. மனைவியைப் பார்த்து, "சாவி கொண்டு வந்தீங்களா?" என்றார்.

"கொண்டு வந்திருக்கேன். எழுந்திரிங்க" என்றாள் தையல் அக்கா.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ரப்பர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போக யாரும் அழைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. தையல் அக்கா வெளியே வந்து எதிரில் நின்றாள்.

"கால் கட்டை விரலை எடுத்துட்டாங்க. ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா மருந்துலயே போயிருக்கும்னார் டாக்டர்." சற்று நேரம் அவளையே பார்த்தாள். "நீ ஒண்ணை எடுத்தே. டாக்டர் ஒண்ணை எடுத்துட்டார்."

ரப்பர் தலையை ஆட்டினாள். மன்னிப்பு என்ற சொல்லை வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தாள். அதை அப்படியே திருப்பி எடுத்துப் போனாள்.

அடுத்த வாரம் முழுக்க அவள் தனியாகப் போய்ப் போஸ்டர்களைக் கிழித்தாள். ஸ்டுடியோவில் அவளை ரப்பர் என்று கூப்பிடுவது தானாக நின்றுபோனது. வேறு பெயரும் யாரும் வைக்கவில்லை. படியேறி வருகிறவர்கள் குறைந்தார்கள். முழுக்க நிற்கவில்லை, இலவசம் என்றால் கோபத்துக்கும் ஓர் அளவு உண்டு.

ஒரு திங்கள் காலை கீழே மெஷின் நின்றது. மேலே போன் எதுவும் அடித்திருக்கவில்லை. தையல் அக்கா படியேறி வந்தாள்.

"அவர் கழுத்துல தொங்கவிட ஒரு அட்டை வேணும். போட்டோ, என் நம்பர். நம்பர் பெருசா."

முதலாளி எழுந்தார். "நான் பண்ணித் தரேன்மா."

"அவளே பண்ணட்டும்" என்றாள் தையல் அக்கா. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

குழுப்படம் திறந்தது. முகம் வந்தது. பெரிதாயிற்று. அவள் வெட்டினாள், எண்ணைப் போட்டாள். கழுத்துக்குப் பின்னால் அக்காவின் மூச்சு கேட்டது. மவுஸ் ஒரு கணம் கன்னத்தின் பக்கம் போனது, சும்மாதான்.

"கையை எடு."

எடுத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். முதலாளிதான் வந்து அச்சுக்குக் கொடுத்தார்.

அட்டை வந்ததும் தையல் அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஈரம் காயும் வரை காத்திருந்தாள். பிறகு மச்சத்தின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தித் தேய்த்தாள். இன்னொரு முறை தேய்த்தாள். போகவில்லை என்று தெரிந்த பிறகு படி இறங்கினாள்.