பன்னிரண்டாம் எண் நரிக்குட்டி

காலை ஏழு மணி, விலங்கு மீட்பு நிலையத்தில் தீனி நேரம். தீனி கொடுக்கப் போகிறவர் முதலில் சாம்பல் நிற நீள அங்கியை மாட்டிக்கொள்வார். கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட துணி உறையைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். கறித்தட்டைக் கூண்டுக் கதவின் அடியில் உள்ள சிறு திறப்பு வழியாகத் தள்ளிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட வேண்டும். அங்கே உள்ள சட்டங்கள் நான்கு. குட்டிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண் போதும். தொடக் கூடாது. முகம் காட்டக் கூடாது. பேசவே கூடாது.

முதல் மூன்றில் மைக் அக்காவுக்குச் சிரமம் இல்லை. நான்காவதுதான் அவருக்கு ஆகாத சட்டம்.

மைக் அக்கா என்பது நிலையத்து ஆட்கள் வைத்த பெயர். பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருடம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குடை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள், இனி வீட்டில் ஆசை தீரப் பேசலாம் என்று உட்கார்ந்தார். அவருடைய கணவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர், பேச்சைக்கூட அளந்து பேசுகிறவர். பத்து நிமிடம் மரியாதையாகக் கேட்டார். பிறகு காதில் மாட்டியிருந்த கேட்கும் கருவியைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். மகளுக்கு இரண்டு கைக்குழந்தைகள். தொலைபேசியை எடுத்தால் "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்பதுதான் முழு உரையாடல்.

பேச ஆளில்லாமல் இருப்பதும் ஒரு பட்டினிதான். ஆனால் வாய்விட்டு அதைப் பட்டினி என்று யாரும் சொல்வதில்லை. மைக் அக்காவும் சொல்லவில்லை. பொழுது போகவில்லை என்றுதான் சொன்னார். அதைச் சொல்லியே அடிபட்ட, தாயை இழந்த காட்டு விலங்குகளை வளர்த்துத் திரும்ப விடும் அந்த நிலையத்தில் சம்பளமில்லாத உதவியாளராகச் சேர்ந்தார்.

அவர் சேர்ந்த இரண்டாவது வாரம் பால் வண்டிக்காரர் ஒருவர் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இரண்டு நரிக்குட்டிகள், கறி தின்னத் தொடங்கிச் சில நாளே ஆனவை. தாய் சுற்றுச்சாலையில் லாரியில் அடிபட்டுக் கிடந்ததாம். குட்டிகள் பக்கத்துக் குழாய்க்குள் கத்திக்கொண்டிருந்தனவாம். ஆண் குட்டிக்குப் பதினொன்று, பெண் குட்டிக்குப் பன்னிரண்டு என்று எண் எழுதி, காலை வேளைத் தீனியை மைக் அக்காவிடம் ஒப்படைத்தார் நிலையத்தின் மருத்துவர். வயதில் சின்னவர், வேலையில் கறார். பேச்சை மட்டும் கட்டுப்படுத்திக்கொள்ளச் சொல்லித் தனியாக ஒருமுறை எச்சரிக்கவும் செய்தார்.

மூன்று வாரம் அக்கா வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார். நான்காவது வாரம் பூட்டு கழன்றது. அன்று கறி வந்து சேரத் தாமதம். குட்டிகள் இரண்டும் வெறும் தட்டை முகர்ந்தபடி நின்றன. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, துணி உறைக்குள்ளிருந்து மெல்லிய குரலில் அறிவித்தார்.

"கனிவான கவனத்திற்கு. பதினொன்று, பன்னிரண்டு எண்களுக்கு வர வேண்டிய கறி இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்."

பதினொன்று பாய்ந்தோடி மண்குழாய்க்குள் புகுந்துகொண்டது. பன்னிரண்டு காதை நிமிர்த்தி அப்படியே நின்று கேட்டது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. எத்தனை மாதமாயிற்று, ஒருத்தர் அவர் பேச்சை இப்படி நின்று கேட்டு.

அன்றிலிருந்து தினமும் பேசினார். முழங்கால் வலியைச் சொன்னார், மருமகனின் கஞ்சத்தனத்தைச் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போன கதையைச் சொன்னார். பன்னிரண்டு கம்பிக்கு மிக அருகில் வந்து, வாலை ஆட்டிக் கேட்டது. தொடவில்லை, பெயர் வைக்கவில்லை, முகம் காட்டவில்லை, ஆகவே பெரிய தப்பு ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். தப்பு செய்கிறவர்கள் எல்லாரும் தங்கள் வழக்குக்குத் தாங்களே நீதிபதியாக இருப்பதில் வியப்பில்லை.

நான்காம் மாதம் சோதனை வந்தது. காட்டில் விடும் முன் அந்த நிலையத்தில் வழக்கமாக நடக்கும் சோதனை அது. குட்டிகள் முன்பின் பார்த்திராத ஒருவர் சாதாரண உடையில் கூண்டுக்குள் போய் நின்று நாலு வார்த்தை பேச வேண்டும். குட்டி ஓடி ஒளிந்தால் தேறியது. அன்று மின்கணக்கு எடுக்க வந்தவரை மருத்துவர் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளே போய், என்ன பேசுவது என்று தெரியாமல், தன் ஸ்கூட்டர் காலையில் மக்கர் செய்ததைச் சொன்னார். பதினொன்று குழாய்க்குள் மறைந்தது. பன்னிரண்டு குரல் வந்த திசையில் ஓடிவந்து அவருடைய செருப்பின் மேல் முன்னங்காலை வைத்து அண்ணாந்து பார்த்தது.

மின்கணக்குக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தன்னை அதற்கு எவ்வளவு பிடித்திருக்கிறது பாருங்கள் என்று வெளியே நின்றவர்களிடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

மருத்துவர் மைக் அக்காவைப் பின்வரிசைக் கூண்டுகளுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெரிய நரி இருந்தது. யாரோ கடைக்காரர் வீட்டில் பாலும் பிஸ்கட்டும் கொடுத்து இரண்டு வருடம் வளர்த்து, கடிக்க ஆரம்பித்ததும் கொண்டுவந்து விட்டுப்போன நரி அது. கம்பியோரமாக அது நடந்து நடந்து தரையில் ஒரு தடமே விழுந்திருந்தது. ஆட்களைக் கண்டதும் விலாவைக் கம்பியில் தேய்த்துக்கொண்டு நின்றது.

"இதை வெளிய விட்டா ஒரு வாரம்கூட தாங்காதும்மா. மனுஷக் குரல் கேட்ட இடத்துக்கெல்லாம் போகும். கம்போட வர்றவனையும் சோறு போட வர்றவன்னு நினைக்கும். அதான் ஏழு வருஷமா இங்கயே நடந்துகிட்டிருக்கு," என்றார் மருத்துவர். பிறகு, பதினொன்றை அடுத்த மாதம் விடப் போவதாகவும், பன்னிரண்டுக்கு அதற்குள் இன்னொரு சோதனை உண்டு என்றும், அதிலும் தவறினால் அதற்கும் இந்த வரிசைதான் என்றும் சொன்னார். பன்னிரண்டோடு பேசியது யார் என்று அவர் கேட்கவில்லை. அக்கா தரையில் விழுந்திருந்த அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார் அக்கா. தோள் குலுங்குவதைப் பார்த்த கணவர் எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து, கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். தாயில்லாத குட்டியாயிற்றே, ஆறுதலாக நாலு வார்த்தை பேசினால் என்ன என்று நினைத்துவிட்டேன் என்றும் சொன்னார்.

கணவர் கேட்டார்.

"ஆறுதல் அதுக்கா, உனக்கா?"

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க காதுல இருந்து அதைக் கழட்டாம இருந்திருந்தா நான் ஏங்க நரிகிட்ட போய்ப் பேசுறேன்?"

"அதுவும் நியாயம்தான். என் தப்புக்கு நான் தண்டனை வாங்கிக்கிறேன். அந்தக் குட்டி ஏன் வாங்கணும்?"



மறுநாள் காலை அங்கியை மாட்டும் முன்பே அக்கா மருத்துவரின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னார். இனிமேல் கூண்டுப் பக்கமே வரவில்லை, அலுவலகத்தில் பாத்திரம் கழுவுகிறேன் என்றார். மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருந்தாலே தேவலை என்று அக்காவுக்குப் பிறகு தோன்றியது. ஏனென்றால் மருத்துவர் கேட்டது வேறு.

"நீங்க போயிட்டா அது சரியாகாதும்மா. வேற யார் விரட்டினாலும் உங்க குரலைத்தான் தேடும். நீங்களே விரட்டணும். அதே குரல்ல."

என்ன செய்ய வேண்டும் என்று அக்கா கேட்டார்.

வேலை எளிமையானதுதான். தீனி வேறு ஆள் கொடுப்பார், சத்தமில்லாமல். வேறொரு நேரத்தில் அக்கா அங்கியோ உறையோ இல்லாமல் கூண்டுக்குள் போக வேண்டும். வழக்கம்போல் பேச வேண்டும். பன்னிரண்டு நெருங்கிவந்ததும் கையில் உள்ள இரண்டு தகரத் தட்டுகளை ஓங்கி மோத வேண்டும், குழாயால் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும், அது ஒளியும்வரை துரத்த வேண்டும்.

முதல் நாள் "கனிவான கவனத்திற்கு" என்றதுமே பன்னிரண்டு வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. அக்கா தட்டை மோதினார். அது துள்ளி விலகி, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஏதோ தவறு நடந்துவிட்டது என்பதுபோல் திரும்பவும் வந்தது. தண்ணீரைப் பீய்ச்சினார். நனைந்த உடம்போடு மூன்றாவது முறையும் வந்தது. அது ஒளிந்த பிறகே அக்கா வெளியே வந்து தட்டுகளைக் கீழே போட்டார். அன்று வீட்டில் சாப்பாட்டைத் தொடவில்லை. கணவர் தானாகவே, இன்றைக்கு எத்தனை முறை வந்தது என்று கேட்டார். மறுநாளும் கேட்டார். முதல் வாரம் ஐந்து, ஆறு என்று இருந்த கணக்கு இரண்டாவது வாரக் கடைசியில் ஒன்றானது. மூன்றாவது வாரம் ஒருநாள், அக்கா கதவுத் தாழைத் தொட்டபோதே பன்னிரண்டு எழுந்து நின்று மயிரைச் சிலிர்த்தது.

இரண்டாவது சோதனைக்கு மருத்துவர் வெளியாளைத் தேடவில்லை. மைக் அக்காவையே உள்ளே போகச் சொன்னார், தட்டும் தண்ணீர்க் குழாயும் இல்லாமல்.

அக்கா கூண்டின் நடுவில் வெறுங்கையோடு நின்றார். முழங்கால் வலி குறைந்திருப்பதைச் சொன்னார். மருமகன் அதிசயமாக ஒரு சேலை எடுத்துக் கொடுத்ததைச் சொன்னார். அவருக்குத் தெரிந்த மிகக் கனிவான குரலில் சொன்னார். முதல் வார்த்தையிலேயே பன்னிரண்டு தரையோடு பதுங்கிப் பாய்ந்து, பதினொன்றுக்கும் முன்னால் குழாய்க்குள் போய்விட்டது. பத்து நிமிடம் அக்கா காலிக் கூண்டோடு பேசினார். குழாய் வாயில் ஒரு மூக்கு நுனிகூடத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது மருத்துவர் படிவத்தில் 'விடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது உங்களை மறந்துடுச்சும்மா, நீங்களும் மறந்துடுங்க," என்று ஆறுதல் சொன்னார்.

"மறக்கல டாக்டர். நல்லா ஞாபகம் வச்சிருக்கு. அதனாலதான் ஓடுது." அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அழுவதை மறைக்கவும் இல்லை. "தாயில்லாத குட்டின்னு இரக்கப்பட்டதுல தப்பில்ல. அது என்னைத் தேடி வரணும்னு ஆசைப்பட்டேன் பாருங்க, அதுதான் தப்பு. என் வீட்டுல பேச ஆளில்லாத குறைக்கு ஒரு நரி ஆயுசு பூரா கம்பிக்குள்ள நடக்கணுமா? காட்டுல பொறந்ததைக் காப்பாத்துறவங்க அதுகிட்ட பாசத்தை எதிர்பார்க்கவே கூடாது. நம்மளைக் கண்டா அது தலைதெறிக்க ஓடணும். அப்பதான் நாம அதைக் காப்பாத்தியிருக்கோம்னு அர்த்தம்."