சீர் கொண்டு வந்த பவளம்

குதிரை முன்னால் போக மறுத்தால் தப்பு ஏறியவள் மேல்தான் என்று என் வீட்டுக்காரர் சபரீஷ் அடித்துச் சொன்னார். குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாத மனுஷன் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எனக்கு ஏறக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். அதனால் நம்பித் தொலைத்தேன்.

பவளம் செவலைக் குதிரை. எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு வாங்கி, கருமத்தம்பட்டித் தோட்டத்தில் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கயிற்றை என் கையில் கொடுத்தார். "இது உன்னோடது கண்ணு. உன்னையத் தவுத்து ஒருத்தரும் இது மேல ஏற மாட்டாங்க, நானுந்தான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் கிடைக்கும் கொஞ்ச நேரம் பவளத்தோடுதான். குதிகாலை லேசாக வைத்தால் போதும், தென்னந்தோப்பைத் தாண்டி வாய்க்கால் வரைக்கும் காற்றாகப் போவாள். அந்த நேரத்தில் நான் யாருடைய மருமகளும் இல்லை.

சித்திரையில்தான் அவள் நிற்க ஆரம்பித்தாள். குதிகாலை வைத்தால் காதைப் பின்னால் மடக்குவாள், கழுத்தைத் தூக்குவாள், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கி வைப்பாள். இன்னும் அழுத்தினால் இன்னும் வேகமாக மிதிப்பாளே தவிர, ஓரடி முன்னால் வர மாட்டாள். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றும்.

சேணம் குத்துகிறதோ என்று மாற்றிப் பார்த்தேன். லாடம் பார்த்தேன். கடைசியில் கோயமுத்தூரிலிருந்து கால்நடை டாக்டர் ரூபினாவை வரவழைத்தேன். முதுகை அழுத்தி, பல்லைப் பார்த்து, நான் ஏறி ஓட்டுவதையும் பார்த்தவர், பவளத்தின் வாயோரத்தை விரலால் விலக்கினார்.

"இங்க புண்ணு ஆறுன தடம் இருக்குதுங்களே?"

மாட்டையும் குதிரையையும் பார்த்துக்கொள்ளும் கந்தப்பன் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "திங்கற சோளத்தட்டு கிழிச்சிருக்குமுங்க டாக்டரம்மா." சொல்லும்போது அவர் மாட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதுகுலயோ கால்லயோ வலி ஒண்ணுமில்லீங்க. ஆனா பயந்து கெடக்குறா. நீங்க காலை வெச்சா என்ன செய்யணும்னு அவளுக்குக் குழப்பமா இருக்குது. வேற யாராச்சும் ஏறறாங்களா?"

"என்னையத் தவுத்து யாருமில்லீங்க" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. பக்கத்தில்தான் சபரீஷ் நின்றார். டாக்டருக்குக் காபி கொண்டு வரச் சொல்லி வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

டாக்டர் போனதும் அவர் என்னிடம் சொன்னது இதுதான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா. குதிரைக்கு உன் மேல மருவாதி இல்ல கண்ணு, உங்காலுல வலுவும் பத்தல. ஆடி வரட்டும், அந்தியூர்க் குதிரைச் சந்தையில வித்துப்போடலாம். இடக்குக் குதிரைய வெச்சுட்டு என்ன பண்றது?"

நான் அழுதேன். அழுது முடித்துவிட்டு, சரிங்க என்றும் சொன்னேன்.

வைகாசியில் அவர் தங்கச்சி யுவஸ்ரீயின் மகள் மானசாவுக்குக் காதுகுத்து வைத்தார்கள். மாமன் சீர் எப்படி வந்தது என்பதை வைத்துத்தான் எங்கள் பக்கம் மாமனுக்கு மரியாதை. போன வருஷம் பங்காளி வீட்டு விசேஷத்தில் ஒரு மாமன் ஆடுகிற குதிரை மேல் வந்து இறங்கினார். அந்த வீடியோ எல்லோர் போனுக்கும் போனது. அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் கெட்டது எனக்குத் தெரியும். அது எங்கே போய் முடியும் என்பதுதான் தெரியாமல் போனது.

பிள்ளையார் கோயிலிலிருந்து சீர் கிளம்ப வேண்டும், மண்டபம் கூப்பிடு தூரம். யுவஸ்ரீ மண்டபத்தில் காத்திருக்க, குழந்தையை எங்களோடு அனுப்பியிருந்தாள். மாமன் பெண்டாட்டி என்ற முறையில் முதல் தட்டு என் கையில் இருந்தது.

"ஏனுங்க, கார்லதானுங்களே போறோம்?"

"இரு, உனக்கொரு சர்ப்ரைஸ் இருக்குது."

கோயில் பின்னாலிருந்து கந்தப்பன் பவளத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். காலில் சலங்கை, முதுகில் சிவப்பு வெல்வெட், தலையில் குஞ்சம். நிஜத்தைச் சொன்னால், ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சும்மா கூட நடத்திக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தேன். சபரீஷ் பட்டுத் தலைப்பாகையோடு ஏறி உட்கார்ந்து, மானசாவை முன்னால் வாங்கி வைத்துக்கொண்டார். மேளம் தொடங்கியது. கடிவாளத்தை நெஞ்சு வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டே, குதிகாலால் அவள் விலாவில் குத்தினார்.

பவளம் காதைப் பின்னால் மடக்கினாள். கழுத்தைத் தூக்கினாள். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தாள்.

விசில் பறந்தது. தட்டோடு கந்தப்பன் பக்கத்தில் போனேன்.

"எப்பப் பழக்குனீங்க?" என்று கந்தப்பனைக் கேட்டேன்.

"நீங்க காலேசுக்குப் போன பொறவுங்க, சித்திரையிலிருந்துங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு மொதலாளி சொல்லிப்போட்டாருங்க."

முன்னால் போனால் வாய் கிழியும், நின்றால் விலாவில் குத்து விழும். பாவம், நடுவில் ஒரே ஒரு வழியைக் கண்டுபிடித்து அவள் ஆடியிருக்கிறாள். மறுநாள் காலையில் நான் ஏறிக் காலை வைத்தால் அதையேதான் செய்திருக்கிறாள். குதிரையைக் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். பக்கத்திலேயே நின்று அத்தனையும் பார்த்துக்கொண்டு, உன் காலில் வலு இல்லை என்று சொல்ல எப்படி வாய் வந்தது? நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான். என் கழுத்தோடு அவள் கழுத்தையும் சேர்த்து அறுத்திருக்கிறார்.

கந்தப்பன் கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க, ஊர்வலம் நின்று நின்று மண்டபத்து வாசலுக்கு வந்தது. அங்கே யாரோ பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். அதற்குப் பிறகு பவளம் ஓரடி எடுத்து வைக்கவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். சபரீஷ் குத்தினார், அவள் ஆடினாள். ஓங்கிக் குத்தினார், முன்னங்காலைத் தூக்கினாள். பிடரியைப் பிடித்துக்கொண்டு மானசா வீறிட்டாள்.

"நந்திதா! நீ சொன்னாத்தான் கேப்பா. கூப்புடு!"

வாசலில் நின்ற யுவஸ்ரீயிடம் தட்டைக் கொடுத்துவிட்டு அவரிடம் போனேன்.

"கடிவாளத்தை விடுங்க. புள்ளையக் குடுத்துட்டு எறங்குங்க."

"எல்லாரும் பாக்கறாங்க கண்ணு."

"எறங்குங்க."

குழந்தையை யுவஸ்ரீ ஓடி வந்து வாங்கிக்கொண்டாள். அவர் இறங்கினார். நான் குனிந்து சலங்கையை அவிழ்த்தேன். குஞ்சத்தைப் பிடுங்கிப் போட்டேன். தலைக்கயிற்றை மட்டும் விட்டுவிட்டுக் கடிவாளத்தைக் கழற்றினேன். இரும்பில் ரத்தம் இருந்தது. அதைக் கந்தப்பனிடம் நீட்டினேன்.

"இதும் சோளத்தட்டுங்களா?"

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சபரீஷ் என் காதோரம் வந்தார்.

"ஒரு நாள் கூத்து. நீயும் சந்தோசப்படுவீன்னுதான் சொல்லல. ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம், உள்ள வா. நீ இல்லாம சீரு எப்படி?"

"ஆடிக்கு வித்துப்போடலாம்னீங்களே, அதும் என் சந்தோசத்துக்குங்களா?"

அவர் மண்டபத்து வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"மாமன் நீங்கதானுங்களே. நடந்து போங்க" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, தோட்டத்துப் பக்கம் திரும்பி நடந்தேன்.

கயிறு நீண்டு நின்றது. பவளம் வரவில்லை. அத்தனை சனமும் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஏன் வர வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அவரும் நானும் ஒன்றுதானே, இரண்டு பேர் குதிகாலும் பட்டது ஒரே விலாவில்தானே. வராவிட்டால் அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் இழுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அழுதுகொண்டே நின்றேன்.

பின்னால் ஒரு குளம்படி கேட்டது. அப்புறம் இன்னொன்று. சூடான மூச்சு என் தோளில் பட்டது. நடந்தேன், அவளும் கூடவே நடந்தாள்.

"நந்திதா, நில்லு" என்று அவர் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் நிற்கவில்லை.