கோல் இல்லாமல் வண்டி நகராது

என் மனைவி மேவிஸுக்கு இரண்டு கணவர்கள். ஒருவன் நான். இன்னொருவன் எட்கர் என்ற பெயர் கொண்ட நீராவி இன்ஜின். சனி, ஞாயிறு வந்தால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன் எட்கர் இல்லை.

எங்கள் யார்க்‌ஷயர் மலைச்சரிவில் ஓடும் பிராக்கன்டேல் பழைய ரயிலில் வருடக்கணக்காகச் சம்பளமில்லாமல் கரி அள்ளிப் போட்டவள் அவள். அன்று அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. தேறினால் எட்கரை அவளே ஓட்டலாம். தவறினால் இந்த வயதில் மறுதேர்வு கிடையாது, கடைசிவரை கரிதான். வாரம் முழுக்க அவள் தூங்கவில்லை. அதனால் நானும் தூங்கவில்லை.

சாப்பாடு கொடுக்கிற சாக்கில் நடைமேடைக்குப் போனேன். கனத்த சரீரம் கொண்ட தேர்வாளர் கிரிம்ஷா ஒரு மரக்கோலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்னம்மா?"

"ஒத்தப் பாதைக் கோல் சார். இது ஒண்ணுதான் இருக்கு. இத வெச்சிருக்கிற வண்டி மட்டும்தான் பாதையில போகலாம். அப்பத்தான் எதிர்ல எதுவும் வந்து மோதாது."

"கையில இல்லேன்னா?"

"நகர மாட்டேன் சார்."

அப்போதுதான் நான் அவரிடம் பழக்கேக்கையும் பாலாடைக்கட்டியையும் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வசதியாக, அவர் கோலைப் பெஞ்சில் சாய்த்து வைத்தார். என் கைத்தடியும் அதே பெஞ்சில்தான் சாய்ந்திருந்தது. சாய்த்தது யார் என்பதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு ஊரே என்னைத்தான் திட்டியது.

"நீ கெளம்பு நார்மன். நீ பாத்துட்டு நின்னா எனக்கு எல்லாம் மறந்துபோவுது," என்றாள் மேவிஸ்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தடியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு குன்றேறினேன். தடி கொஞ்சம் குட்டையாகப் பட்டது. கோபத்தில் நிமிர்ந்து நடக்கிறேன், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வழியில் அதால் காஞ்சொறிச் செடிகளை விளாசினேன், ஆடுகளை ஒதுக்கினேன், புதிய சாணி எவ்வளவு ஆழம் என்று குத்திப் பார்த்தேன்.

உச்சிக்குப் போனபோது கீழேயிருந்து விசில் கேட்டது. ரயில் இன்னும் நிலையத்திலேயே நின்றது. மறுபடி விசில். மறுபடியும். கல்யாணமான நாளிலிருந்து எட்கர் மேல் நின்றுகொண்டு அவள் என்னைத் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை. இன்று எனக்காக விசில் அடிக்கிறாள்!

தடியைத் தூக்கி ஆட்டினேன். பயணிகளெல்லாம் இறங்கி என்னைப் பார்த்துக் கைகளை ஆட்டிக் குதித்தார்கள். நானும் குதித்தேன். தடியை வானத்தில் எறிந்து பிடித்தேன். விசில் வீறிட்டது. தொப்பியைக் கழற்றிக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தேன்.

"ஐயா! நில்லுங்க ஐயா!"

திரும்பினால் கிரிம்ஷா. யாரோ ஒரு பெண்ணிடம் இரவல் வாங்கிய ஊதா நிற சைக்கிளோடு, ஆள் மட்டும் நுழையக்கூடிய வேலிக் கதவில் வசமாகச் சிக்கியிருந்தார்.

"அது... உங்க தடி இல்ல!"

அப்போதுதான் பித்தளைப் பட்டையைப் பார்த்தேன். 'பிராக்கன்டேல்' என்று பொறித்திருந்தது, சாணிக்கு அடியில்.

"ஐயோ, அவளத் தோக்கடிச்சிட்டேனா?"

"எங்க தோக்கறது!" கிரிம்ஷாவுக்கு மூச்சு வாங்கியது. "சாய்ச்சு வெச்சது நானு. வெளிய தெரிஞ்சா என் மானம் போயிடும். பாதையில வேற வண்டியே இல்ல, நான் பொறுப்பு, கெளம்பும்மான்னு நாலு தடவ கெஞ்சிட்டேன். 'கோல் கையில இல்ல சார், நகர மாட்டேன். சைக்கிள் அதோ இருக்கு'ன்னுட்டாங்க."

"அப்ப பரீட்சை?"

"எப்பவோ பாஸ்! பரீட்சை வெச்சவனையே வெரட்டி அடிச்சிட்டாங்களே. மொதல்ல என்னை வெளிய இழுங்க."

கோலாலேயே நெம்பி அவரை விடுவித்தேன்.

"நீங்க சைக்கிள்ல பறங்க. நான் பின்னாலயே வர்றேன்," என்றார்.

பறந்தேன். மேவிஸ் முகமெல்லாம் கரியோடு இன்ஜினில் நின்றாள். கோலை வாங்கி, அதன் மேலிருந்த சாணியைப் பார்த்தாள். அதை என் கோட்டிலேயே துடைத்தாள்.

"எத்தன தடவ கூப்பிட்டேன்! நீ என்னடான்னா மேல நின்னு டான்ஸ் ஆடுற."

"நீ என்னை வாழ்த்துறேன்னு நெனச்சேன்."

"பரீட்சை எனக்கு. உன்ன எதுக்கு வாழ்த்தணும்?"

"நீ பாஸ், மேவிஸ்."

அவள் எட்கரின் வெதுவெதுப்பான இரும்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க, "என் தடி எங்க?" என்று அதட்டினேன்.

மூக்கை உறிஞ்சியபடி அடுப்பைக் காட்டினாள். "கோவத்துல உள்ள போட்டுட்டேன்."

"தடி இல்லாம நான் எப்படி வீட்டுக்கு நடக்கறது?"

"கையில கோல் இல்லேன்னா நகரக் கூடாது. ஏறு."

ஏறினேன். எட்கரின் மேல் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"கிரிம்ஷா சார் எங்க?" என்றாள்.

"உன்ன நாலு தடவ கெளம்பச் சொன்னாராமே. கெளம்பு."

விசில் கயிற்றை என் கையில் கொடுத்தாள். ஆசை தீர இழுத்தேன். வண்டி நகர்ந்தது. குன்றின் பாதி வழியில் கிரிம்ஷா இரண்டு கைகளையும் ஆட்டி, கத்திக் குதித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல மனுஷன். நம்மள எப்படி வாழ்த்துறாரு பாரு," என்றேன். இருவருமாகக் கையை ஆட்டினோம்.