பாயிண்டுக்கு மோட்டார்

பட்டனை அழுத்தினால் மோட்டார் கொர்ரென்று முனகியதே தவிர, பாயிண்ட் நகரவில்லை. ராஜேந்திரனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கலெக்டர் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அந்தப் பொம்மை ரயிலுக்குத்தான். வேங்கிக்கால் வீட்டின் பின்னறையில் பெரிய பலகைமேல் தண்டவாளம் போட்டிருந்தார். ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் பாயிண்டுகளை இதுநாள்வரை விரலால் தள்ளியவள் அவர் மனைவி சந்திரகலா. அவர் குரல் கொடுப்பார், அவள் தள்ளுவாள்.

போன பௌர்ணமிக்கு மறுநாள், அடி அண்ணாமலையிலிருந்து அவள் அண்ணன் அப்பாதுரை குடும்பத்தோடு வந்திருந்தார். ரயில் ஓட்டிக் காட்டும்போது பாயிண்ட் பாதியில் நின்றுவிட, இஞ்சின் தடம்புரண்டு கீழே விழுந்து உடைந்தது. இறுக்கமாக இருக்கிறது என்று அவள் சொல்ல வந்தாள். இவர் எங்கே கேட்டார்?

“இத்தத் தள்ளக்கூடத் தெரியல. சோறு பொங்கத்தான் லாயக்கு” என்று அத்தனை பேர் எதிரிலும் கத்தினார். இனிமேல் மோட்டார்தான் என்று சபதம் வேறு. அப்பாதுரை காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதற்கப்புறம் சந்திரகலா அந்த அறைப் பக்கமே வரவில்லை.

இப்போது மோட்டாரும் தள்ள முடியாமல் திணறுகிறது. மோட்டாரைத் திட்டவா முடியும்? ராஜேந்திரன் குனிந்து, பாயிண்டின் அடியில் ஊசியை விட்டு நெம்பினார். காய்ந்த பசை உருண்டை ஒன்று சரளையோடு பெயர்ந்து வந்தது. விருந்தாளிகள் பார்க்க அழகாக இருக்கட்டுமென்று முந்தின நாள் தண்டவாளத்து ஓரம் சரளைக்கல் ஒட்டியவர் அவரேதான். பசை வழிந்து உள்ளே போயிருக்கிறது. அந்த உருண்டையை ஜன்னல் வழியே வீசிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வீசக் கை ஓங்கினார், கை வரவில்லை.

சமையலறையில் போய் நின்று, உருண்டையைக் காட்டி, தப்பு தன்மேல்தான் என்றார். சந்திரகலா அதைப் பார்த்துவிட்டு, வெங்காயம் நறுக்குவதைத் தொடர்ந்தாள்.

“என்கிட்ட சொன்னா ஆச்சுங்களா? எங்க அண்ணன் முன்னாடிதான திட்டுனீங்க.”

அவர் அடி அண்ணாமலைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டார். துணைக்கு அவளையும் கூப்பிட்டார். அவள் அசையவில்லை.

“நீங்களே போங்க. அண்ணி, பசங்க எல்லாரும் இருக்கறப்ப சொல்லுங்க. அண்ணன மட்டும் தனியா கூப்ட்டு சொல்லிட்டு வந்துடாதீங்க.”

ராஜேந்திரன் அப்படித் தனியாகச் சொல்லிவிட்டு வருவதாகத்தான் இருந்தார்.