ஒரு நம்பருக்கு ஒரு மணி நேரம்

பிற்பகல் மூன்றே முக்காலுக்கு, ஓடிக்கொண்டிருந்த எருது பாதி வழியில் நின்றுபோனது. முன்னங்கால் இரண்டும் தரையில் படாமல், கொம்பில் கட்டிய மஞ்சள் துண்டு பறந்தபடி, அப்படியே அந்தரத்தில். எல்லைக் கம்பத்துக்கு இன்னும் ஐந்தாறு பாய்ச்சல்தான் பாக்கி. சாந்திபுரம் பக்கத்து எருது, நல்ல ஜாதி, பதினைந்து விநாடிக்குள் தாண்டியிருக்கும் என்றுதான் முனிகிருஷ்ணனுக்குத் தோன்றியது. ஆனால் போன் திரையில் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இன்றைய ஒரு மணி நேரம் தீர்ந்துவிட்டது.

திருப்பதியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் வைஃபைக்குச் சட்டதிட்டம் தாசில்தார் ஆபீசைவிட அதிகம். ஒரு போன் நம்பருக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். நம்பரைப் போட்டால் அதற்கு ஆறு இலக்க ஓடிபி மெசேஜில் வரும், அதை அடித்தால்தான் திறக்கும். திறந்தாலும் வீடியோ ஓடாது, தடை. வார்டுக்குள் டவரோ பேச மட்டும்தான் கிடைக்கும், படம் அசையாது. இதற்கெல்லாம் வழி காட்டியவர் பக்கத்துக் கட்டில் வேங்கடாசலம். பஸ் கண்டக்டர், தோள்பட்டை விலகி வந்தவர். சாவிப் படம் போட்ட ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்து, "இத்த அமுத்திட்டீன்னா உன் போனு சிங்கப்பூர்ல கீதுன்னு இவனுங்க நெனச்சிக்குவானுங்க. அப்புறம் இன்னா வேணா பாத்துக்கோ" என்றார். ஒரு மணி நேரம் போதவில்லை என்றபோது அதற்கும் அவரிடம் வழி இருந்தது. "வேற யாரு நம்பரனா போடு. அவுங்களுக்கு ஓடிபி போவும். போன் பண்ணி கேட்டுக்கோ." போன வியாழக்கிழமை அவருடைய மகள்கள் இருவரும் வந்து அவரைப் பையும் பிளாஸ்க்குமாக அழைத்துப் போனார்கள். அந்தக் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை.

முனிகிருஷ்ணனுக்கு இது இருபத்துநாலாவது நாள். புத்தூர் பக்கத்தில் சொந்தத் தோப்பில், ஏணி சறுக்கி, மாங்காய்க் கூடையோடு விழுந்தார். தொடை எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். வைத்த இடத்தில் சீழ் கோத்துக்கொண்டது. நாளைக் காலை மறுபடியும் திறக்கப்போகிறார்கள். கம்பியை எடுத்தால் கால் கொஞ்சம் குட்டையாகலாம் என்று டாக்டர் தெலுங்கில் சொன்னார். ஏதோ வேட்டியைக் கொஞ்சம் மடித்துக் கட்டச் சொல்வது போல இருந்தது அவர் சொன்ன தினுசு. தம்பி பாஸ்கர் காலையில் கையெழுத்துப் போட வருவான். மற்றபடி அவன் வருவது ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் மதியம் வந்து, வாழைப்பழத்தை வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்ப்பான். முனிகிருஷ்ணனுக்குப் பயமாக இருந்தது. ஐம்பத்துமூன்று வயது ஆம்பிளை, பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது? அதனால்தான் எருது. எருது ஓடுகிறவரை அந்தக் காலைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை.

சரி, நம்பருக்கு என்ன செய்வது? பாஸ்கர் மூன்று நாள் ஓடிபி சொன்னான். நாலாம் நாள், "அண்ணா, வேலையில கீறேன், சும்மா சும்மா போன் பண்ணாத" என்று வைத்துவிட்டான். சத்தியவேட்டில் தங்கை சென்னம்மாவிடம் கேட்டார். போனை அவள் மகள் யாமினி பிடுங்கிக்கொண்டாள். ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலை செய்கிறவள், ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்று அங்கே வகுப்பே எடுத்திருக்கிறார்கள்.

"நீங்க நெஜமாவே மாமாதானா?"

"நான்தாம்மா. குரலு தெரில?"

"குரல இப்ப கம்ப்யூட்டர்லயே பண்றானுங்க மாமா. எங்க ஊட்டு கன்னுக்குட்டிக்கு பேரு இன்னா, சொல்லுங்க பாப்போம்."

அவருக்குத் தெரியவில்லை. தங்கை வீட்டுக்குப் போயே இரண்டு வருஷம் ஆகிறது. கன்று போட்டதே அவருக்குத் தெரியாது. "சரி, வையிம்மா" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு எருதும் பார்க்கவில்லை, ராத்திரிச் சோறும் இறங்கவில்லை.

இப்போது வைஃபைப் பக்கம் மறுபடி நம்பர் கேட்டுக்கொண்டு நின்றது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர்கள் இரண்டே இரண்டு. ஒன்று தன்னுடையது. இன்னொன்று அதே நம்பர், கடைசி எண் மட்டும் ஆறுக்குப் பதில் ஏழு. சித்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் குடை போட்டு சிம் விற்றவனிடம் ருக்மணியும் அவரும் சேர்ந்து போய் வாங்கியவை. அப்போது அவள் அவருடைய மனைவியாக அவர் வீட்டில் இருந்தாள். இப்போதும் மனைவிதான், இருப்பது மட்டும் சித்தூரில், ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால், அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில், பாஸ்கரின் குழந்தை அழ, ருக்மணி ஓடிப்போய்த் தூக்கினாள். பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. "பெத்திருந்தாதான தூக்கத் தெரியும்" என்றார் முனிகிருஷ்ணன். பந்தியில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவள் பிள்ளையை இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் போனவள்தான். தப்பு என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். போய்ச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

விழுந்த அன்று பாஸ்கரிடம், "அவகிட்ட சொன்னியோ, நான் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று மிரட்டியிருந்தார். மிரட்டினாலும் சொல்லிவிடுவான் என்றுதான் நம்பினார். பாவி, எந்தப் பேச்சையும் கேட்காதவன் இதை மட்டும் கேட்டுவிட்டான்.

ஓடிபி மெசேஜில் ஆஸ்பத்திரிப் பெயர் இருக்கும். திருப்பதி என்று இருக்கும். எலும்புப் பிரிவு என்றும் இருக்கும். இருபத்துநாலு நாளாகப் படிக்கிறவருக்கு அது தெரியாமல் இல்லை. நம்பரை அடித்தார். கடைசி எண்ணில் கொஞ்சம் நின்றார். ஏழை அழுத்தினார். விரல் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்கத்தான் யாருமில்லை.

பதினோரு நிமிடம் கழித்து போன் அடித்தது.

"எனக்கு ஒரு மெசேஜு வந்துகீது" என்றாள் ருக்மணி.

"ம்."

"ஆஸ்பத்திரின்னு போட்டுகீது. என் நெம்பரு உனக்குதான் மனப்பாடம். யாருக்கு இன்னா?"

"வைஃபைக்கு" என்றார். "எருது பாக்கலாம்னு."

அந்தப் பக்கம் தட்டுகள் விழும் சத்தமும், ஏதோ பெண்கள் தெலுங்கில் சிரிப்பதும் கேட்டன. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். சிரிப்பு நின்றது.

"காலா, கையா?"

"தொடை."

"எத்தினி நாளா?"

"இருவத்திநாலு."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"பாஸ்கரு சொல்லல."

"நான்தான் சொல்லாதன்னேன்."

"நல்லா சொன்ன, போ." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நெம்பரு வேணுமா, வாணாவா?"

"பழசு இந்நேரம் செத்திருக்கும். புதுசா அனுப்பறேன், படி."

அனுப்பினார். அவள் படித்தாள். "ஃபோரு. நைனு. டூ. டூ. எய்ட்டு. ஒன்னு." அவள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒன்று அடிக்க வேண்டிய இடத்தில் முனிகிருஷ்ணன் மூன்றை அடித்தார். இந்த முறை விரல் தவறவில்லை.

"தப்புன்னு காட்டுது."

"இன்னொன்னு அனுப்பு." அது வருவதற்குள், "சோறு யாரு குடுக்கறாங்க?" என்றாள்.

"இங்கியே குடுக்கறாங்க. உப்பு இல்ல."

இரண்டாவதையும் படித்தாள். அதையும் தப்பாக அடித்தார். மூன்றாவது வருவதற்குள் ஆபரேஷன் எப்போது என்று கேட்டாள். நாளைக்குக் காலை என்றார். பயமா இருக்கா என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே, "ஆமா" என்றார் முனிகிருஷ்ணன். பந்தியில் சொன்ன அந்தப் பழைய வார்த்தைக்கும் சேர்த்து ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தார். "ருக்கு" என்பதோடு நின்றுபோனது.

மூன்றாவதையும் அவள் படித்தாள், அவரும் மாற்றி அடித்தார். திரை சிவப்பானது. மூன்று முறை தவறிவிட்டதாம், இந்த நம்பருக்கு இன்றைக்கு இனிமேல் ஓடிபி கிடையாதாம்.

"இன்னுமா தப்புன்னு காட்டுது?" என்றாள்.

"ஆமா. இன்னொன்னு அனுப்பிகீறேன். வந்துதா?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்ப்பது சத்தத்திலேயே தெரிந்தது. ஒரு மெசேஜும் போயிருக்காது என்று அவருக்குத் தெரியும். பக்கத்துக் காலிக் கட்டிலில் யாரோ கழுவிக் கவிழ்த்த மூத்திரக் குவளையைப் பார்த்துக்கொண்டே, அவள் வைத்துவிடப்போகிற சத்தத்துக்குக் காத்திருந்தார்.

"வந்துச்சி" என்றாள் ருக்மணி. "எழுதிக்கோ. ஃபோரு. நைனு."

முதலில் சொன்ன அதே எண்கள். அவள் முன்னைவிட மெதுவாகச் சொன்னாள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு கேட்டது. முனிகிருஷ்ணன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஆஸ்பத்திரிப் போர்வையின் மேல், கட்டுப் போட்ட தொடைக்குப் பக்கத்தில், விரலால் ஒவ்வொரு எண்ணாக எழுதிக்கொண்டு போனார்.